பெயரும் படியும்: 'இண்டர்லோக்' நாவல் எழுப்பிய வினா

ஜொகூர் மாநிலத்தில் சிகாமட்டிலிருந்து லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வழியாகத் தெற்கே ஜொகூர் பாரு வரையில் இருப்புப்பாதை செல்கிறது. அப்பாதையின் இரு மருங்கிலும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. இம்மாநிலத் தமிழருள் பெரும்பாலோர் அத்தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தவர்களின் வழியினர். இன்று அத்தோட்டங்களுள் பல எண்ணெய்ப் பனைக் காடுகளாகிவிட்டன. வேறு பல, சிறப்பாக 2006-இல் தொடங்கிய இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டத்திற்குப் பின்னர், வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயர் மறையவில்லை. தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லைப் பெயரில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. அப்பெயரால் எவருக்கும் தீங்கில்லை. வந்த வழியை அது நினைவூட்டுகிறது, அவ்வளவே.

சாதிப் பெயரும் இத்தகைய நினைவுக்குறிதானா என்பது அயலகத் தமிழரிடையே அடிக்கடி எழும் வினா. திருமணப் பேச்சுத் தொடங்கும் வீடுகளில், 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேட்பவருக்கு அறிய வேண்டியது சேலமா தஞ்சையா என்பதன்று என்பதனைக் கேட்பவரும் அறிவார். விடை கூறுபவரும் அறிவார். 'இந்தக் காலத்திலுமா?' என்று பிள்ளைகள் கேட்டால், 'இது வெறும் அடையாளந்தான். யாரையும் தாழ்வாக நினைத்துக் கேட்கவில்லை' என்று விடை வரும். இவ்விடையைப் பொய்யென்று உடனே தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையன்று. சொல்பவர் பலர் உண்மையாகவே அவ்வாறு நம்புகின்றனர். ஆதலின் அந்நம்பிக்கையை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கு வேண்டிய சான்று ஒன்றினை மலேசிய இலக்கிய உலகமே 2011-ஆம் ஆண்டில் அளித்தது. அப்துல்லா உசேன் எழுதிய 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவலைப் பற்றி எழுந்த பூசலே அது.

தோட்டத்தில் எஞ்சியது

நாவலை நோக்குமுன் அதன் களத்தை நோக்குதல் நன்று. மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். அவர்கள் தத்தம் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டினர். ஆகவே வந்தவர்களோடு ஊரின் ஒழுங்கும் கப்பலேறியது. ஆதிதிராவிடரும் வந்தனர், வன்னியர், கவுண்டர், கள்ளர், அகமுடையார் முதலிய பிறரும் வந்தனர். பழைய தோட்டங்கள் பலவற்றில் ஆதிதிராவிடருக்குத் தனி லயங்கள் இருந்தன. மாரியம்மன் திருவிழாவில் யாருக்கு எந்நாள் உபயம் என்பதிலும் ஊர் ஒழுங்கின் நிழல் படிந்திருந்தது.

ஆயின் ஊரில் சாதிக்குத் துணைநின்ற தூண்கள் இங்கே இல்லை. நிலம் துரைமாருடைய கும்பினிக்கு உரியது. எச்சாதியாருக்கும் அது சொந்தமன்று. விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே வாளி, ஒரே கத்தி, ஒரே வகையான கூலி. வண்ணாருக்கும் நாவிதருக்கும் களத்துமேட்டில் நெல் அளந்து, அதற்கு ஈடாகப் பணி கொள்ளும் முறை நீடிக்க வழியில்லாது போயிற்று. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்த பின்னர், ஊரிலிருந்து புதிய ஆட்கள் வந்து பழைய வழக்கத்தைப் புதுப்பிப்பதும் குறைந்தது. 1942-43-இல் சயாம் மரண இரயில்பாதைக்குப் பல்லாயிரம் தமிழரை ஜப்பானியர் கொண்டுசென்றபோது, காலராவும் பட்டினியும் எவருடைய குலத்தையும் கேட்கவில்லை.

சீர்திருத்த இயக்கமும் தன் பங்கினைச் செய்தது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். அவரே 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி, சமயமும் சாதியும் பாராமல் மலாயாத் தமிழரை ஓரிடத்தில் கூட்ட முயன்றார். யாழ்ப்பாணத்து நிலையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். நிலமும் கோவிலும் உயர்சாதியார் கையில் நிலைத்திருந்த அங்கே, 1968-இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஆலய நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது.

இவ்வாறு பொருளாதாரத் தூண்கள் சரிந்த பின்னர், மலேசியத் தமிழரிடையே சாதிக்கு எஞ்சியவை சில. திருமணம், உபயம், குலப்பெயர் தாங்கிய சங்கங்கள், தேர்தல் காலத்து முணுமுணுப்பு ஆகியவை அவை. நாட்டின் அடையாள அட்டையில் சாதி இல்லை. மக்கட்கணக்கெடுப்பிலும் அதற்கு இடமில்லை. 'இது வெறும் அடையாளம்' என்ற எண்ணம் பிறந்தது இந்தச் சூழ்நிலையில்தான். அதிகாரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது என்பது அதன் கருத்து.

நாவலும் அதன் பிழையும்

'இண்டர்லோக்' நாடு விடுதலை பெற்றதன் பத்தாம் ஆண்டு நினைவாக நடந்த போட்டிக்கு எழுதப்பட்டது. 1971-இல் நூலாக வெளிவந்தது. ஆசிரியர் அப்துல்லா உசேன் 1996-இல் 'சாஸ்த்ரவான் நெகாரா' என்னும் நாட்டின் உயரிய இலக்கியப் பட்டம் பெற்றவர், 2014-இல் மறைந்தார். செமான் என்னும் மலாய்க்காரர், சிங் உவாட் என்னும் சீனர், மணியம் என்னும் இந்தியர் ஆகிய மூவரின் குடும்பக் கதைகளைத் தனித்தனியே சொல்லி, இறுதிப் பகுதியில் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது நாவல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விடுதலை வரையில் கதை நடக்கிறது. மூவினத்தாரும் ஒரு நாட்டு மக்களாவதைக் காட்டுவதே ஆசிரியரின் நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண இயலாது.

பின்னர் இந்நாவல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் எதிர்ப்புத் தொடங்கியது. மணியம் கப்பலில் வரும் பகுதியே எதிர்ப்பின் மையம். அவனும் உடன்வந்தோரும் 'பாரியா' சாதியினர் என்றும், ஆதலின் ஒருவரையொருவர் தொட்டால் தீட்டாகிவிடுமோ என்ற அச்சமின்றிக் கலந்து பழகினர் என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. 2011-இல் அரசு குழு ஒன்றை அமைத்தது. முதலில் திருத்தம் பேசப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது.

இலக்கியத் திறனாய்வு நோக்கில் பார்த்தால் நாவலின் பிழை யாது? சாதிப் பெயரைச் சொன்னது பிழையன்று. தமிழிலேயே சாதிகளைப் பெயர் சொல்லிப் பேசும் பெருநாவல்கள் உள்ளன. ஈழத்து கே. டானியலின் 'பஞ்சமர்' பெயரிலேயே அதனைத் தாங்கியது. 1994-இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் வாழ்வைச் சொல்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கும் கீழே ஒரு படி வைக்கப்பட்டிருப்பதைக் கூசாமல் காட்டுகிறது. இவற்றைப் படிப்பவர், அம்மக்களைத் தாழ்வாக எண்ணுவதில்லை. தாழ்த்தியவர்களைப் பற்றியே எண்ணுகிறார். காரணம் வெளிப்படை. தீட்டு என்னும் கருத்தை அந்நூல்களின் ஆசிரியர்கள் தம் கூற்றாகச் சொல்வதில்லை. அதனை அவர்கள் விசாரணைக்கு நிறுத்துகின்றனர்.

அப்துல்லா உசேன் அவ்வாறு செய்யவில்லை. தீட்டுக் கருத்தை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தால் அது அப்பாத்திரத்தின் அறியாமையாகி இருக்கும். அவரோ கதை சொல்பவரின் கூற்றாகவே, ஓர் இயற்கை நிகழ்ச்சியைக் கூறுவது போலக் கூறிச் செல்கிறார். தோட்டத்துக்கு வந்த மக்கள் கப்பலில் கலந்து பழகியதற்கு வறுமை காரணமாக இருக்கலாம். பிரிவுத் துயர் காரணமாக இருக்கலாம். மனிதப் பண்பே காரணமாக இருக்கலாம். இவையெல்லாம் நாவலாசிரியருக்குத் தோன்றவில்லை. தீட்டாவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை என்பதே காரணமாகத் தோன்றியது. மக்களைப் பற்றிய ஒரு தப்பெண்ணம் செய்தியாக உருமாறிய இடம் அது. வந்தவர் பல சாதியினர் என்ற வரலாற்று உண்மைக்கும் அது மாறானது. மலாய்ப் பேச்சு வழக்கில் 'பாரியா' என்பது ஒரு வசைச்சொல். அச்சொல்லை வகுப்பறையில் உரக்கப் படிக்கும்போது எந்த மாணவனை நோக்கி எல்லாரும் திரும்புவர் என்பதனை ஆசிரியப் பணியிலுள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்புக்குள் இருந்த இருவகை

எனவே எதிர்ப்பு நியாயமானது. ஆயின் எதிர்ப்பின் சொற்களைக் கூர்ந்து கேட்டால் அதனுள் இருவேறு குரல்கள் கலந்திருந்தமை புலப்படும். முதற்குரல், 'எந்த மனிதரையும் தீட்டுக்குரியவராகப் பாடநூல் பேசலாகாது' என்றது. மற்றொரு குரல், 'நம்மை எல்லாம் அவர்கள் என்று சொல்வதா?' என்றது. இரண்டும் ஒரே மேடையில் ஒலித்தன. ஒரே முடிவைக் கோரின. ஆயினும் அவற்றிடையே உள்ள தொலைவு பெரிது.

இரண்டாம் குரலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலேசியத் தமிழர் அனைவரும் வன்னியர் என்றோ, அனைவரும் செட்டியார் என்றோ அந்நாவல் தவறாக எழுதியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அதுவும் வரலாற்றுப் பிழையே. யாரேனும் ஓர் அறிஞர் ஏட்டுக்குக் கடிதம் எழுதித் திருத்தியிருப்பார். அதனோடு செய்தி முடிந்திருக்கும். நாடே கொதித்திராது. ஒரு பெயரைத் தவறாகச் சூட்டினால் பிழை என்றும், மற்றொரு பெயரைத் தவறாகச் சூட்டினால் இழிவு என்றும் தோன்றுமாயின், அப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அவை படிகள். மேற்படியில் நிற்பதாக எண்ணுபவரே கீழ்ப்படியின் பெயரால் அழைக்கப்படுவதை இழிவென உணர்வர்.

இவ்விடத்தில் ஒரு மாணவனை நினைத்துப் பார்த்தல் தகும். அவனுடைய முன்னோர் உண்மையாகவே அப்பெயருக்கு உரியவர். அவனுடைய பாடநூல் அவன் முன்னோரைத் தீட்டோடு சேர்த்துப் பேசுகிறது. அவனுக்காகப் பரிந்து பேச வந்த தன்னினப் பெரியவர்களோ, அவன் முன்னோரின் பெயரைத் தமக்குச் சூட்டியதே தமக்கு நேர்ந்த மாபெரும் அவமதிப்பு என்கின்றனர். நூல் விலக்கப்பட்டால் முதற் காயம் ஆறும். இரண்டாம் காயத்தை ஆற்றும் குழு எதுவும் அமைக்கப்படவில்லை.

சொல் கடந்துவந்த வழி

பறையர் என்ற பெயரின் வரலாற்றைத் தமிழாசிரியர் அறிவர். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய பெயர் அது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைக் குடிகளாக எண்ணுகிறார். அங்கே அப்பெயரோடு இழிவு சிறிதும் ஒட்டவில்லை. சிறப்புக்குரியவற்றை எண்ணும் இடத்தில் அது நிற்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலப்பகுதிகளைக் குறிக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. ஊரினின்று பிரித்துக் குறிக்கப்படும் சேரியாகப் பெயர் மாறிவிட்டது. பின்னர் ஐரோப்பியர் அச்சொல்லைத் தம் மொழிகளுக்குக் கொண்டு சென்று, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொதுப்பொருளில் வழங்கினர். மலாயா மண்ணில் அது வசையாயிற்று.

பெயர் முதலில் இருந்தது. படி பின்னர் வந்தது என்பது இதனால் பெறப்படும். அடையாளம் வேறு, காழ்ப்பு வேறு என்று கூறுவோர்க்கு இது ஒருவகையில் துணைசெய்யும் சான்றே. படியில்லாமலும் பெயர் இருத்தல் கூடும். ஆயின் ஒருமுறை படியாகிவிட்ட பெயரை மீண்டும் வெறும் பெயராக்குதல் எளிதன்று. அதனை முயன்றவர்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இரு பெரியோர் இருவழிகளைக் கைக்கொண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லி இழித்தனரோ அப்பெயரையே தலைநிமிர்ந்து சொல்வது அவர் வழி. அவர் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றியவர். அயலகத் தமிழர் வாழ்வை நேரில் கண்டவர். பண்டிதர் அயோத்திதாசரோ அப்பெயர் பகைவர் சூட்டிய பெயர் என்று மறுத்தார். தம் மக்கள் சாதிபேதமற்ற பழந்தமிழர் என்று நிறுவ முயன்றார். 1907-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அதன்பின் 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால், பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரைச் சென்னை அரசு ஏற்றது.

ஒருவர் பெயரை ஏற்றார், ஒருவர் மறுத்தார், ஒருவர் மாற்றினார். வழிகள் மூன்றாயினும் நோக்கம் ஒன்று. பெயரோடு கட்டப்பட்ட படியைத் தகர்ப்பதே அது. 2011-இல் ஒலித்த இரண்டாம் குரல் இம்மூன்றனுள் எதனோடும் சேராது. 'அப்படி நிற்கட்டும், அதில் நாங்கள் இல்லை' என்பதே அக்குரலின் பொருள். இம்மூவரின் உழைப்பையும் அது வீணாக்குகிறது.

'திருமணத்திற்கு மட்டுந்தான்'

'அடையாளந்தான்' என்று சொல்வோர் வழக்கமாக ஒரு விளக்கமும் சேர்ப்பர். 'பள்ளியில் பார்ப்பதில்லை, பணியிடத்தில் பார்ப்பதில்லை, ஒன்றாக உண்கிறோம். திருமணத்திற்கு மட்டுந்தான் பார்க்கிறோம்' என்பர். இது சிறு விதிவிலக்குப் போலத் தோன்றுகிறது. உண்மை அதற்கு மாறானது. அண்ணல் அம்பேத்கர் தம் இருபத்தைந்தாம் வயதில், 1916-இல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். தீட்டோ தொழிற்பிரிவோ சாதியின் உயிர்நிலை அன்று. தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமணமுறைதான் அதன் உயிர்நிலை என்பது அவர் முடிவு. அங்ஙனமாயின் அயலகத் தமிழர் கிளைகளை வெட்டிவிட்டு வேரைக் காத்து வருகின்றனர் என்றாகிறது. நிலமும் கூலியும் லயமும் மறைந்த பின்னரும் சாதி நான்கு தலைமுறையாக ஜொகூரில் உயிரோடிருப்பது இதனாலேயே.

பழக்கவழக்கம் ஒத்திருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவதில் தவறென்ன என்று வினவலாம். தவறில்லை. ஆயின் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் பயின்று, ஒரே மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த இருவரிடையே பழக்கவழக்க வேறுபாடு எவ்வளவு இருத்தல் கூடும்? பெரும்பாலும் வேறுபாடு பழக்கத்தில் இல்லை, பெயரில்தான் உள்ளது. வேற்றினத்து மருமகளை மகிழ்வோடு ஏற்கும் குடும்பம், தன்னினத்தில் ஒரு குறிப்பிட்ட பெயருடைய மருமகளுக்கு மட்டும் கதவடைக்குமாயின், அங்கே காக்கப்படுவது பழக்கவழக்கம் என்று சொல்ல இயலாது.

குலப்பெயர் தாங்கிய சங்கங்களைப் பற்றியும் நேர்மையோடு பேசுதல் வேண்டும். ஏழை மாணவர்க்கு உதவி, ஈமச்சடங்குக்குத் துணை, முதியோர்க்கு ஆதரவு என அவை செய்யும் நற்பணிகளை மறுத்தல் ஆகாது. ஒடுக்கப்பட்டோர் தம் உரிமைக்காகத் தம் பெயரில் கூடுவதும் வேறு. இரட்டைமலை சீனிவாசன் செய்ததும் அதுவே. அங்கே பெயர், மூடிய கதவைத் தட்டும் கையாக இருக்கிறது. அதே செயலைக் கதவுக்கு உள்ளே இருப்பவர் செய்யும்போது பெயர் தாழ்ப்பாளாகிறது. ஆகவே அடையாளத்தைப் பொதுவாகப் போற்றுவதும் பொதுவாகப் பழிப்பதும் இரண்டுமே பிழை. யார், எந்தப் படியில் நின்று, எதற்காக அப்பெயரைச் சொல்கிறார் என்று கேட்டல் வேண்டும்.

பிற நாடுகளும் சட்டமும்

இவ்வேறுபாடு இன்று உலகெங்கும் வழக்காகியுள்ளது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அவ்வாண்டு கலிபோர்னியாவின் சட்டமன்ற அவைகள் இரண்டும் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை ஆளுநர் அக்டோபரில் மறுத்தார். இருக்கும் சட்டங்களே போதும் என்றார். பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013-இல் வழி செய்யப்பட்டும், 2018-இல் அரசு அதனைக் கைவிட்டு நீதிமன்றத் தீர்ப்புகளுக்கே விட்டது. இவ்விவாதங்களில் எதிர்ப்போர் கூறும் காரணம், சட்டத்தில் சாதியின் பெயர் வந்தால் ஒரு சமூகத்தார் அனைவரும் ஐயத்திற்கு உள்ளாவர் என்பது. அவ்வச்சத்தை முற்றும் தள்ளிவிட இயலாது. 'இண்டர்லோக்' போன்ற நூல் எழக்கூடும் என்ற அச்சமே அது. ஆயின் பிறர் தம்மை இழிவாக எண்ணுவரோ என்று அஞ்சும் சமூகம், தன்னுள் எவரும் இழிவாக எண்ணப்படாதிருக்க முதலில் வழி காண வேண்டும் அன்றோ?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் விதி சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கிக் குடிமக்களிடையே பாகுபாடு செய்தலைச் சட்டத்திலும் அரசுப் பணியிலும் தடுக்கிறது. வம்சாவளி என்ற சொல்லில் சாதியும் அடங்கும் என்று ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002-இல் விளக்கியுள்ளது. ஆயின் அவ்விதி அரசின் வாயிலில் நிற்பது. மணப்பந்தலுக்குள்ளும் உபயப் பட்டியலுக்குள்ளும் அது வாராது. அங்கே சட்டம் செய்ய வேண்டிய பணியைச் சமூகத்தின் மனச்சான்றே செய்தாக வேண்டும்.

உரைகல்

மேற்கூறியவற்றால் ஓர் உரைகல் கிடைக்கிறது. தமிழரின் குலப்பெயர்கள் அனைத்தையும் வரிசையாக எழுதி, ஒரே குரலில் படித்துப் பார்த்தால் போதும். எல்லாப் பெயர்களையும் ஒரே ஓசையில் சொல்ல முடிந்தால் அவை அடையாளங்கள். ஏதேனும் ஒரு பெயர் வரும்போது குரல் தாழ்ந்தால், அல்லது யாரேனும் அருகில் இருக்கின்றனரா என்று கண் தேடினால், அவ்விடத்தில் படி இருக்கிறது. குரல் தாழ்வது இரக்கத்தாலும் நாகரிகத்தாலும் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றப் பெயர்களுக்கு அந்த இரக்கம் தேவைப்படவில்லை என்பதே அதற்கு மறுமொழி.

இவ்வுரைகல்லில் தேறும் நிலை இன்னும் அயலகத் தமிழர்க்கு வாய்க்கவில்லை. ஆகவே 'இது வெறும் அடையாளம்' என்பது இன்று உண்மையாகிவிட்ட செய்தியன்று. இனி உண்மையாக்கப்பட வேண்டிய ஒன்று. அதுவரை அவ்வாறு சொல்லும் உரிமை மேற்படியில் நிற்போர்க்கு இல்லை. கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவர் வாயிலிருந்து அது வரும் நாளில்தான் அதற்குப் பொருளுண்டு.

இதில் தமிழாசிரியரின் பங்கு சிறிதன்று. 'இண்டர்லோக்' பாடத்திட்டத்தினின்று நீங்கிவிட்டது. அச்சொல் விளையாட்டுத்திடலினின்று நீங்கிவிடவில்லை. அதனைக் கேட்டுவிட்டு ஒரு மாணவன், 'ஐயா, அதற்கு என்ன பொருள்?' என்று வினவும்போது, 'அதெல்லாம் கெட்ட வார்த்தை, பேசாதே' என்று வாயடைத்தல் எளிய வழி. ஆயின் அவ்விடை அப்பெயருக்குரிய குடும்பத்துப் பிள்ளையிடம், 'உன் முன்னோரின் பெயர் கெட்ட வார்த்தை' என்று சொல்வதாகும். அதற்கு மாறாக, புறநானூற்றில் அப்பெயர் நின்ற இடத்தையும், தஞ்சைக் கல்வெட்டில் அது ஒதுக்கப்பட்ட இடத்தையும், அதனை மீட்க உழைத்தவர்களின் பெயர்களையும் ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். ஜொகூரில் மட்டும் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் அப்பெயரைக் குரல் தாழ்த்தாமல் ஒருமுறை சொல்வாராயின், அதனைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, 'ஊரில் எந்தப் பக்கம்?' என்ற வினா ஒருநாள் ஊரைப் பற்றிய வினாவாகவே ஒலிக்கும்.